பிளாஸ்டிக் கடைய வரும் பிள்ளைகளுக்கு

கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வார்ப்பிரும்பும் எம்.எஸ்.ஸும் கடைந்து கை தேறியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதே கையில் ஒரு நைலான் ராடைக் கொடுத்து, 25 மி.மீ. போர், 20 மைக்ரானுக்குள் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் சரியாக இருந்த அளவு மறுநாள் காலையில் இருக்காது. முதலில் மெஷினைக் குறை சொல்வார்கள், பிறகு மைக்ரோமீட்டரை, கடைசியில் நைட் ஷிஃப்ட் பையனை. மூன்றின் மேலும் தப்பு இருக்காது. எத்தனை டிகிரி சூட்டில், எவ்வளவு ஈரத்தில், எப்படிப் பிடித்திருக்கும்போது, கடைந்து எத்தனை நேரம் கழித்து என்று சேர்த்துச் சொன்னால்தான் பிளாஸ்டிக்கில் ஓர் அளவுக்கு அர்த்தம் உண்டு. ஐ.டி.ஐ.யிலும் டிப்ளமாவிலும் இரும்புக்கே நேரம் போய்விடுகிறது, இதைச் சொல்லித்தர ஆளில்லை. எனவே எண் போட்டு எழுதுகிறேன். முதலாவதைத் தவிர மற்றவற்றின் வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. டிராயிங்கை விரிப்பதற்கு முன்பு, அந்தப் பாகம் எங்கே வேலை செய்யப்போகிறது என்று கேளுங்கள்.

தண்ணீர் படுமா, சுடுதண்ணீரா, அமிலமா, காரமா? எத்தனை டிகிரி? சுமை தொடர்ந்து இருக்குமா, வந்து வந்து போகுமா? உராய்வது எதன்மேல், எண்ணெய் போடுவார்களா? சாப்பாட்டுப் பொருள் படுமா? இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். கேட்டால் நமக்குத் தொழில் தெரியாது என்று பார்ட்டி நினைத்துவிடுவார் என்ற பயம். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் ஷாஃப்ட்டுக்கு, கழன்று வந்த பழைய வெண்கலப் புஷ்ஷை அளந்து, அதே அளவில் யாரோ நைலானில் கடைந்து கொடுத்திருந்தார்கள். மாட்டும்போது அருமையாக ஓடியது. சில நாளில் ஷாஃப்ட் சிக்கிக்கொண்டது. நைலான் தண்ணீரைக் குடித்து உப்பியது, சூட்டிலும் விரிந்தது, வெளியே விரிய ஹவுசிங் இடம் தரவில்லை. உள்பக்கம்தான் நெருங்க முடியும், ஷாஃப்ட்டைக் கவ்விவிட்டது. கடைந்தவர் கையில் பிழையே இல்லை. அளவெல்லாம் பழைய புஷ்ஷின்படிதான் இருந்தது. பிறகு கார்பன் கலந்த டெஃப்லானில், கிளியரன்ஸைத் தாராளமாக வைத்துச் செய்து போட்டபோது பிரச்சினை தீர்ந்தது. 'தண்ணீரிலா ஓடுகிறது?' என்ற ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் ஷாஃப்ட்டும் பிழைத்திருக்கும்.

வெண்கலத்தையோ இரும்பையோ அளந்து அதே அளவில் பிளாஸ்டிக் செய்வது தொழில் ஆகாது, நகலெடுப்பு. பொருள் மாறினால் கிளியரன்ஸ் மாறும், சுவரின் கனம் மாறும், சில நேரம் வடிவமே மாற வேண்டும்.

2. நைலானை வாங்கும்போதே தண்ணீரைக் கணக்கில் எடுங்கள்.

ஆடியில் தடையில்லாமல் சாத்தும் மரக்கதவு ஐப்பசி மழையில் நிலையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நைலானும் அந்த ஜாதிதான். நைலான் 6 தண்ணீரில் கிடந்து முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் நீரை ஏற்கும். காஸ்ட் நைலான் கொஞ்சம் குறைவு. வெறும் காற்றில், 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்தாலே 2.5 முதல் 3 சதவீதம் ஏறும். எடை 1 சதவீதம் கூடினால் நீளம் 0.2 முதல் 0.3 சதவீதம் வரை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 50 மி.மீ. துண்டு 3 சதவீத நீரை ஏற்கும்போது 0.3 முதல் 0.45 மி.மீ. வளர்ந்திருக்கும். நீங்கள் 20 மைக்ரானுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இது ஒரே நாளில் நடப்பதும் இல்லை. மெல்லிய துண்டு சில வாரத்தில் ஊறும், கனமான துண்டுக்கு மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் புகார் தாமதமாக வருகிறது, வரும்போது யாருக்கும் காரணம் தெரிவதில்லை.

நைலான் கெட்ட பொருள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அடி தாங்கும், தேய்மானம் தாங்கும், விலையும் சல்லிசு. காய்ந்த நைலான் முறுகலாக இருக்கும், கொஞ்சம் ஈரம் ஏறியதுதான் அடி வாங்கும். கியர், ரோலர், வேர் பேட் எல்லாவற்றுக்கும் நல்லது. நைலான் கியரை நைலான் கியரோடு மட்டும் ஓட விடாதீர்கள், உராய்ந்து சூடேறித் தேயும். ஒன்றை டெல்ரினிலோ இரும்பிலோ வையுங்கள்.

3. எதைப் போடுவது என்று தெரியாதபோது டெல்ரினில் தொடங்குங்கள்.

கடையில் டெல்ரின் என்று எல்லா அசெட்டாலையும் சொல்வார்கள். உண்மையில் அது டுபாண்ட் கம்பெனி 1960இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஹோமோபாலிமரின் வணிகப் பெயர். நம் ஊரில் அந்தப் பெயரில் கைக்கு வருவது பெரும்பாலும் கோபாலிமர். இரண்டும் ஒன்றில்லை. ஹோமோபாலிமர் கொஞ்சம் விறைப்பும் வலுவும் கூடியது. ஆனால் தடித்த ராடின் நடுமையத்தில் பொடிப் பொடியாகத் துவாரங்கள் இருக்கும். நடுவில் போர் போட்டு எடுத்துவிடும் வேலைக்கு அது பொருட்டில்லை. நடுவே சீலிங் முகமாக வரும் வேலையில், அல்லது காற்றோ பாலோ போகும் வால்வில் அது கசிவாகும். கோபாலிமரில் இந்தத் தொந்தரவு குறைவு, சுடுதண்ணீரையும் காரத்தையும் அது கூடுதலாகத் தாங்கும். இரண்டும் கடும் அமிலத்துக்கும் குளோரினுக்கும் ஆகாதவை.

முழுக்க ஊறினாலும் டெல்ரின் 1 சதவீத நீரைக்கூட ஏற்பதில்லை. சுருள் அழகாக ஒடியும், முகம் பளபளவென்று வரும். பிளாஸ்டிக் கடையக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பார்ட்டி எதுவும் சொல்லாமல் 'நல்ல பிளாஸ்டிக்கா போடுங்க' என்றால் என் கை முதலில் இதைத்தான் தேடும்.

4. டெஃப்லானுக்கு மரியாதை கொடுங்கள், சுமையைக் கொடுக்காதீர்கள்.

1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த இந்தப் பொருளை எந்த அமிலமும் சீக்கிரத்தில் தொடாது, எதுவும் ஒட்டாது. ஆனால் போல்ட் போட்டு இறுக்கினால் மெல்ல மெல்ல நழுவி வழியும். இன்று இறுக்கிய கேஸ்கெட் அடுத்த வாரம் தளர்ந்திருக்கும். கண்ணாடி இழையோ கார்பனோ வெண்கலத் தூளோ கலந்த டெஃப்லான் வழிவது குறைவு.

இன்னொரு விசித்திரம், அளவு பார்க்கிறவர்களுக்கு முக்கியம். 19 டிகிரி வாக்கில் டெஃப்லானின் படிக அமைப்பு மாறுகிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது கன அளவு 1 சதவீதம் அல்லது அதற்கு மேலும் மாறும். பட்டறையில் 32 டிகிரியில் கடைந்து, ஏ.சி. போட்ட இன்ஸ்பெக்‌ஷன் அறையில் 18இல் அளந்தால், சூட்டினால் வரும் சுருக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். அறையை 23இல் வைக்கச் சொல்லுங்கள்.

டெஃப்லான் தூள் ஒட்டிய கையோடு பீடி, சிகரெட் தொடக் கூடாது. எரியும் முனையில் அந்தத் தூள் சிதைந்து வரும் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். மற்ற எந்த விதியில் சமரசம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

5. பீக் வேலை வந்தால் அவசரப்படாதீர்கள். கிலோ விலை ஆயிரங்களில். உருகுவது 343 டிகிரியில், 250 டிகிரி வரை தொடர்ந்து வேலை செய்யும், வெப்பத்தில் விரிவதும் டெல்ரினில் பாதிதான். ஒரு ஜாப் கெட்டால் அந்த மாத லாபம் போகும். முதலில் அதே புரோகிராமை டெல்ரின் துண்டில் ஓட்டிப் பாருங்கள்.

6. ராடு வாங்கும்போது கண்ணும் மூக்கும் போதாது.

கறுப்பு ராடு என்றால் சந்தேகப்படுங்கள். பழைய கழிவை உருக்கி ஊற்றி மைபோட்டு விற்பதற்குக் கறுப்புதான் வசதி. வெட்டிய முகத்தில் குமிழும் திட்டும் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாலிப்டினம் கலந்த நைலானும் கறுப்பாகத்தான் இருக்கும் என்பதால், கறுப்பைப் பார்த்தவுடன் ஒதுக்கவும் முடியாது. முடிந்தவரை இயற்கை நிறத்தில் வாங்குங்கள், தந்தத்தின் வெண்மை.

தடித்த வேலைக்குக் காஸ்ட் நைலான் நல்லது. காப்ரோலாக்டத்தை அச்சிலேயே ஊற்றி அங்கேயே நைலானாக இறுகவிடுவது அது. உள் இறுக்கம் குறைவு.

எது என்ன என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. விட்டுவிடுங்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, டெல்ரின் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு. ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு சின்னத் தராசும் போதும். பாலிபுரொப்பிலீனும் யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீனும் மிதக்கும். மூழ்குகிறவற்றின் அடர்த்தியைக் கணக்கிடுங்கள்: நைலான் 1.14, பீக் 1.32, டெல்ரின் 1.41, டெஃப்லான் 2.2 வாக்கில். டெல்ரினும் பி.வி.சி.யும் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும், அங்கே சப்ளையரின் சான்றிதழைக் கேளுங்கள்.

யு.எச்.எம்.டபிள்யூ. பற்றி ஒரு வார்த்தை. சோமனூர்த் தறிகளில் ஒரு காலத்தில் எருமைத் தோலில் செய்த பிக்கர்தான் நாடாவை அடித்துத் தள்ளியது. பிறகு அந்த இடத்துக்கு வந்தது பிளாஸ்டிக், அதில் இந்தப் பாலிஎத்திலீனும் உண்டு. அடி தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு. அளவு நிற்பதில் அதைவிட மோசமான பொருளும் குறைவு, பிரிசிஷன் வேலைக்கு அதைக் கேட்டு வந்தால் பார்ட்டியை உட்கார வைத்துப் பேசுங்கள்.

7. சூடுதான் முதல் எதிரி.

நைலானும் டெல்ரினும் எஃகு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கடத்துவதில்லை. வெட்டும்போது வரும் சூடு ஜாபுக்குள் பரவிப் போக வழியில்லாமல் வெட்டிய இடத்திலேயே தங்குகிறது. விரிவதோ பத்து மடங்கு. கோடையில் பட்டறை 35 டிகிரி, அளவு பார்ப்பது 20 டிகிரி என்று வையுங்கள். 100 மி.மீ. எஃகுத் துண்டு இந்த 15 டிகிரிக்கு 0.018 மி.மீ. மாறும். அதே நீள டெல்ரின் 0.165 மி.மீ. மாறும். பலர் வாழ்நாள் முழுக்கத் தேடும் 'காணாமல் போன அளவு' பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே கடைந்த கையோடு அளக்காதீர்கள். ஜாபும் கேஜும் ஒரே அறையில் ஒரே சூட்டுக்கு வரட்டும், கனமான ஜாபுக்கு அரை நாள்கூட ஆகலாம். நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. பிளாஸ்டிக்கைச் சோதிக்க வைத்திருக்கும் பொதுவான சூழலோ 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். பார்ட்டி எதில் அளக்கிறார் என்று கேட்டு, அதிலேயே நீங்களும் அளந்துவிடுங்கள்.

மைக்ரோமீட்டரை ராச்செட் திருகி அழுத்துவதும் இங்கே வேலைக்கு ஆகாது. மெல்லிய சுவர் அழுந்திவிடும், காட்டும் எண் அந்த அழுத்தத்தைத்தான் சொல்லும். போருக்கு 'பின் கேஜ்' வையுங்கள்.

8. பிடிப்பதில்தான் பாதி வேலை.

நைலானும் டெல்ரினும் விறைப்பில் எஃகின் எழுபதில் ஒரு பங்கு. மூன்று ஜா சக்கில் இறுக்கி ஒரு ரிங்கைக் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை அது வட்டம். கழற்றியதும் மூன்று மூலை கிளம்பும். டயல் வைத்துப் பார்த்தவன் சத்தியம் செய்வான், வட்டமாகத்தான் இருந்தது என்று. அவன் சொல்வதும் பொய்யில்லை.

முழுச் சுற்றையும் அணைத்துப் பிடிக்கும் அகலமான சாஃப்ட் ஜாவை ஜாபின் அளவுக்கே போர் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது காலெட் பயன்படுத்துங்கள். தட்டையான ஜாபை வைஸில் நசுக்க வேண்டாம். வாக்குவம் ஃபிக்சர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இரட்டை முக டேப்பே பல வேலைக்குத் தாங்கும். டூல் கூர்மையாக இருந்தால் பிடி லேசாகவே போதும்.

9. டூலைத் தனியாக வையுங்கள்.

இரும்பு வெட்டிய இன்சர்ட்டைப் பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு முனை மழுங்கியிருந்தாலே அது வெட்டாது, தேய்த்து உருக்கும். பிளாஸ்டிக்குக்கென்று தனிப் பெட்டி, அதில் கோட்டிங் இல்லாத, முகம் மெருகேற்றிய, அலுமினியத்துக்கென்று விற்கும் கார்பைடு. எச்.எஸ்.எஸ். பிட்டை நன்றாகச் சாணை பிடித்து ஆயில் ஸ்டோனில் தேய்த்தாலும் அருமையாக வெட்டும். டெல்ரினை நிமிடத்துக்கு 200, 300 மீட்டர் வேகத்தில் தாராளமாகக் கடையலாம். ஆனால் ஃபீடைப் பயந்து பயந்து குறைக்காதீர்கள். டூல் ஒரே இடத்தில் நின்று உராய்ந்தால்தான் சூடு, சுருள் தடிமனாக வந்தால் சூட்டை அதுவே எடுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடி இழை கலந்த சரக்குக்கு இந்தப் பேச்சு செல்லாது. அது முனையைத் தின்றுவிடும், தொகை பெரிதானால் பி.சி.டி. டூல் வாங்குங்கள், தூளுக்கு முகக்கவசம் போடுங்கள்.

10. ரஃப் எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

எக்ஸ்ட்ரூட் செய்த ராடும் ஷீட்டும் உள்ளே இறுக்கத்தோடுதான் வருகின்றன. ஒரு பக்கம் தோலை உரித்தால் மறுபக்கம் இழுக்கும், ஷீட் வாழைப்பழமாக வளையும். இரு பக்கமும் சமமாக எடுங்கள். இறுதி அளவுக்குக் கொஞ்சம் விட்டு ரஃப் முடித்து, சக்கிலிருந்து கழற்றி, ஒரு நாளாவது கிடக்க விடுங்கள். பிறகு லேசாகப் பிடித்து ஃபினிஷ். டெலிவரி தேதி கொடுக்கும்போதே இந்த நாளைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முதலாளிக்கு இது வீண் நாளாகத் தெரியும். ரிஜெக்‌ஷன் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

11. அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் கூலண்ட் ஊற்றுவதற்கு முன் யோசியுங்கள். சில எண்ணெய்களும் கரைப்பான்களும் பட்டால், உள்ளே இறுக்கம் இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் ஓடும். சில நேரம் டெலிவரி ஆன பிறகுதான் தெரியும். காற்று அடியுங்கள், தேவைப்பட்டால் வெறும் தண்ணீர். அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். கடைந்த அக்ரிலிக்கை 80 டிகிரி வாக்கில் அடுப்பில் வைத்து, மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் இளகும். அவசரமாக ஆற்றினால் புதிதாக இறுக்கம் சேரும்.

12. டிரில்லும் மரையும்.

பெரிய டிரில்லை நேராக நைலானில் இறக்காதீர்கள், நடுவில் சூடேறி, வெளியே குளிர்ந்து, தடித்த ராடுகூடப் பட்டென்று பிளக்கும். சிறிதாகப் போட்டு, பிறகு போரிங் பாரில் விரியுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துச் சுருளைத் தள்ளுங்கள். துளை போட்டதும் கொஞ்சம் சுருங்கும், அதற்குத் தக்க டிரில்லைப் பெரிதாக எடுங்கள். அக்ரிலிக்கில் சாதாரண டிரில் கவ்வி உடைக்கும், வெட்டும் விளிம்பின் சரிவை ஆயில் ஸ்டோனில் லேசாகத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். மரை வேண்டுமென்றால் பெரும்புரி மரை. அடிக்கடி கழற்றி மாட்டும் இடமாக இருந்தால் பித்தளை இன்சர்ட் வைக்கச் சொல்லி டிராயிங்கிலேயே கேளுங்கள்.

13. சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். நைலான் சுருள் சக்கில் சுற்றினால் விரலையும் சேர்த்துச் சுற்றும். டெல்ரின் சுருள் பற்றிக்கொண்டால் வெளிச்சத்தில் சுடரே தெரியாது, வெளிர்நீலம். ஷிஃப்ட் முடியும்போது மெஷினுக்கு அடியில் குவித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பொருளையும் தனிச் சாக்கில் போடுங்கள், கலந்த சுருளுக்குக் கழிவுக் கடைக்காரர் விலையே சொல்ல மாட்டார்.

14. டாலரன்ஸைப் பற்றிப் பேசப் பயப்படாதீர்கள்.

நைலானில் 50 மி.மீ. அளவுக்கு ப்ளஸ் மைனஸ் 0.01 என்று ஒரு டிராயிங் வந்தால், அதைப் போட்டவர் இரும்பு டிராயிங்கில் மெட்டீரியல் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். அளவில் 0.1 முதல் 0.2 சதவீதம் என்பது பிளாஸ்டிக்குக்கு நியாயமான டாலரன்ஸ், 50 மி.மீ.க்கு 0.05 முதல் 0.1 வரை. சின்ன டெல்ரின் பாகங்களில் கவனமாகச் செய்தால் இதைவிட நெருக்கமாகவும் போகலாம், பீக்கில் இன்னும் கொஞ்சம். ஆனால் எந்த இடத்தில் அந்த நெருக்கம் உண்மையிலேயே தேவை என்று போன் போட்டுக் கேளுங்கள். பத்து அளவில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் தேவைப்படும், மற்றவற்றைத் தளர்த்த டிசைனருக்கே சம்மதமாக இருக்கும். தேவைப்படும் அந்த அளவுக்குப் பக்கத்தில், எத்தனை டிகிரியில், எவ்வளவு ஈரப்பதத்தில் அளப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.